ஈம் கிராமத்துக்கு மூன்று மணி நேரம் போதுமா?

வாசகர் கேள்வி, 9 ஜூலை 2023

ஆகஸ்டில் குடும்பத்துடன் இங்கிலாந்தின் டெர்பிஷயர் போகிறோம். சாட்ஸ்வொர்த் மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஈயம் என்ற கிராமத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். 1665இல் பிளேக் கொள்ளைநோய் வந்தபோது ஊரே தன்னைப் பூட்டிக்கொண்டது என்றும், 350 பேரில் 260 பேர் இறந்தார்கள் என்றும் படித்தேன். ஒரு தேவாலயமும் நாலு பழைய வீடுகளும்தானே இருக்கும், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்கிறார் என் மைத்துனர். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

10 ஜூலை 2023

ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். நானும் முதல்முறை அப்படித்தான் முடித்தேன். ஷெஃபீல்டில் குடியேறிய புதிதில் ஒரு சுற்றுலாப் பேருந்தில் போனபோது எங்களுக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். தேவாலயத்தையும் அதன் அருகில் இருக்கும் பிளேக் குடில்களையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். மறு ஆண்டு நடந்தே போனபோதுதான், அந்த ஊரின் பாதியைப் பார்க்காமலே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. ஈமின் கதை ஊருக்குள் பாதியும், ஊரைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களில் பாதியுமாகக் கிடக்கிறது. எல்லைக் கல், மாம்பெசன் ஊற்று, ரைலி கல்லறைகள், கக்லெட் டெல்ஃப் பள்ளம் ஆகிய நான்குக்கும் நடந்தால்தான் போய்ச்சேர முடியும். ஆகவே மூன்று மணி நேரம் போதாது. சாட்ஸ்வொர்த்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை ஈம் என்று உச்சரிக்க வேண்டும். எழுத்தைக் கூட்டிப் படித்தால் ஈயம் என்றுதான் வருகிறது. அந்த ஊர் பல நூற்றாண்டுகளாக ஈயச் சுரங்கங்களால் பிழைத்த ஊர் என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று மெய்சிலிர்த்தது. சரியான உச்சரிப்போ நமக்கு ஈமச்சடங்கை நினைவூட்டுகிறது. இரண்டும் தற்செயல்தான். நீர்நிலைகளுக்கு நடுவே உள்ள நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கில் ஐயூன் என்பது போன்ற எழுத்துகளில் பதிவாகியிருக்கிறது.

10 ஜூலை 2023, இரவு

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். 1665இல் இலண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்த வேளையில், ஈமில் அலெக்சாண்டர் ஹேட்ஃபீல்ட் என்ற தையற்காரரின் வீட்டுக்கு அங்கிருந்து ஒரு துணிப்பொதி வந்தது. ஈரமாக இருந்த துணியை உலர்த்துவதற்காகப் பிரித்தவர், அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ். துணியில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். செப்டம்பர் 7ஆம் தேதி அவர் இறந்தார். இன்று அந்த வீட்டின் முன்னால் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. அதைப் படிக்க அரை நிமிடம் போதும், அதன்பின் அங்கிருந்து நகர்வதற்குத்தான் நேரமாகும். வீட்டுத் தலைவி மேரி, முதல் கணவரின் பெயரால் கூப்பர் என்று அழைக்கப்பட்டவர், ஹேட்ஃபீல்டை மறுமணம் செய்துகொண்டவர். அவருடைய மகன் எட்வர்டுக்கு நான்கு வயது. செப்டம்பர் 22இல் இறந்தான். பன்னிரண்டு வயது ஜொனாதன் அக்டோபர் 2இல் இறந்தான். கணவர் மறு ஆண்டு ஆகஸ்ட் 3 வரை இருந்தார். மேரி மட்டும் பிழைத்தார். உறவினர் பதின்மூன்று பேரை இழந்திருந்தார்.

குளிர்காலத்தில் தணிந்த நோய் 1666 கோடையில் மீண்டும் மூண்டது. ஜூன் மாதத்தில் ஊர்மக்கள் மூன்று முடிவுகளை ஏற்றார்கள். இறந்தவர்களை அவரவர் குடும்பத்தாரே தத்தம் நிலத்தில் உடனடியாகப் புதைக்க வேண்டும். வழிபாடு தேவாலயத்துக்குள் நடக்காமல் திறந்தவெளியில் நடக்கும். எவரும் எல்லையைத் தாண்டி வெளியே போகக் கூடாது. அந்த ஆகஸ்டில் மட்டும் 78 பேர் இறந்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி இறந்த ஏபிரகாம் மார்ட்டன் கடைசி ஆள்.

12 ஜூலை 2023

வாசகர் குறிப்பிட்ட 350 என்ற எண்ணைத் திருத்தியாக வேண்டும். அதை நான் முதலில் எழுதும்போதே சுட்டிக்காட்டாமல் விட்டது என் தவறு. 350 பேர் இருந்தார்கள், 83 பேர் மிஞ்சினார்கள் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த கணக்கு. பிற்கால ஆய்வாளர்கள் திருச்சபைப் பதிவேடுகளையும் வீட்டு அடுப்புகளை எண்ணி வசூலித்த அடுப்பு வரியின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், அப்போது ஊரில் ஏறத்தாழ 700 பேர் இருந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. இறந்தவர்கள் சுமார் 260 என்பதில் பெரிய மாற்றம் இல்லை. அப்படியானால் நான்கில் மூன்று பங்கு என்ற கணக்கு விழுந்து, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் என்று ஆகிறது. இதனால் துயரம் எவ்வகையிலும் சிறுத்துவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். மூன்றில் ஒருவர் என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்த வீட்டிலோ தன் வீட்டிலோ சாவு விழுந்தது என்று பொருள். முழு ஊருமே எல்லைக்குள் அடைந்துகிடந்தது என்பதும் சரியல்ல. வசதி படைத்த சிலர் முன்பே வெளியேறியிருந்தார்கள். குருவானவர் மாம்பெசனே தம் இரு பிள்ளைகளையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டுத்தான் பிறரைத் தங்கச் சொன்னார். இதை அவருக்கு எதிராகச் சொல்லவில்லை. எந்தத் தகப்பனும் செய்வதைத்தான் செய்தார். ஆனால் அனுப்ப இடமில்லாத தகப்பன்களும் அவர் முன்னே நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

12 ஜூலை 2023

போகும் வழி பற்றிக் கேட்டவருக்கு: ஷெஃபீல்டிலிருந்தும் பேக்வெல்லிலிருந்தும் பேருந்துகள் உண்டு, நேரத்தை முந்தைய நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் வந்தால் கிரிண்டில்ஃபோர்டில் இறங்கலாம். டாட்லி சுரங்கப் பாதையை விட்டு வெளிவந்ததும் வரும் நிலையம் அது. அங்கிருந்து நடந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஏற்றமும் உண்டு. குளிர்காலத்தில் ஈம் அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

17 ஜூலை 2023

மாம்பெசன்தான் அந்த ஊரைக் காத்த வீரர் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அவரைப் பற்றி மட்டும் பேசினால் அந்த ஊரில் நடந்ததன் மிக அரிய பகுதி கைநழுவிப் போகிறது.

வில்லியம் மாம்பெசன் 1664இல்தான் ஈமுக்கு வந்தார். வயது முப்பதைத் தொடவில்லை. ஊர்மக்களுக்கு அவர்மேல் பெரிய பற்று இல்லை. அவர்களுடைய மனத்தில் இருந்தவர் தாமஸ் ஸ்டான்லி. மன்னரை எதிர்த்துப் போரிட்ட குரோம்வெல்லின் காலத்திலிருந்து அங்கே ஊழியம் செய்த பியூரிட்டன், அதாவது எளிய வழிபாட்டை வற்புறுத்திய சீர்திருத்தக் கிறித்தவர். மன்னராட்சி திரும்பிய பின், அரசுத் திருச்சபையின் வழிபாட்டு முறைக்கு இணங்கும்படி 1662ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட உறுதிமொழியை ஏற்க மறுத்ததால் அவர் பணியிழந்தார். அடுத்து 1665இல் வந்த இன்னொரு சட்டம், இப்படி நீக்கப்பட்டவர்கள் தாம் முன்பு பணியாற்றிய ஊருக்கு ஐந்து மைல் தொலைவுக்குள் வரவே கூடாது என்றது. ஆக, கொள்ளைநோய் உச்சத்தில் இருந்தபோது ஸ்டான்லி ஈமில் இருந்ததே சட்டமீறல். மாம்பெசன் அவர்மேல் புகார் கொடுத்திருக்கலாம். அதற்குப் பதிலாக அவரிடமே போய் உதவி கேட்டார். உள்நாட்டுப் போரில் எதிரெதிர் அணிகளாக நின்ற இரு தரப்பின் ஆட்கள், ஒருவர் இருந்த இடத்தில் மற்றவர் வந்து அமர்ந்திருந்த நிலையில், மக்கள் முன்னால் சேர்ந்து நின்று ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். மாம்பெசன் தனியாகக் கேட்டிருந்தால் ஊர் இணங்கியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

மாம்பெசனின் மனைவி கேத்தரின் பிள்ளைகளோடு போகவில்லை. ஆகஸ்ட் இறுதியில் ஒரு மாலை, கணவரோடு நடந்து வரும்போது காற்று இனிமையாக மணக்கிறது என்று அவர் சொன்னதாகவும், அந்த இனிய மணம் நோயின் தொடக்கக் குறி என்று மக்கள் நம்பியதால் அதைக் கேட்டதுமே கணவர் கலங்கிப்போனதாகவும் ஊர் மரபு. ஆகஸ்ட் 25இல் கேத்தரின் இறந்தார். அவருடைய கல்லறை தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது. அந்தக் கோடையில் இறந்தவர்களில் மிகப் பலருக்கு அந்த வளாகத்தில் இடம் இல்லை. குருவானவரின் மனைவிக்கு இருந்தது.

18 ஜூலை 2023

நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் படித்தேன், கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை நீக்க மனம் வரவில்லை. பின்னாளில் மாம்பெசன் நாட்டிங்ஹாம்ஷயரின் ஈக்ரிங் ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, கொள்ளைநோய் ஊரிலிருந்து வருபவர் என்று அஞ்சிய மக்கள் அவரை உள்ளே விடாமல் தடுத்ததால், சில காலம் ரஃபர்ட் பூங்காவில் ஒரு குடிசையில் தங்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

24 ஜூலை 2023

எல்லைக் கல்லைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஈமுக்கும் அடுத்த ஊரான ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவே, மேய்ச்சல் நிலத்தில் ஒரு பாறை கிடக்கிறது. அருகே போகும்வரை அதில் ஒன்றும் தெரியாது. மேற்பரப்பில் ஆறு குழிகள் இருக்கின்றன. குழிகளில் வினிகரை ஊற்றி, அதில் காசைப் போட்டுவிட்டு ஈம் மக்கள் விலகிச் செல்வார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து உணவையும் மருந்தையும் வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். ஊருக்கு வடக்கே மேட்டில் உள்ள மாம்பெசன் ஊற்றிலும் இதே ஏற்பாடு. அங்கே ஓடும் நீர் காசைக் கழுவியது. சாட்ஸ்வொர்த்திலிருந்து டெவன்ஷயர் பிரபு உணவுப் பொருள்கள் அனுப்பிவைத்தார். மாளிகைக்கும் கிராமத்துக்கும் உள்ள அந்தத் தொடர்பை, அங்கிருந்து வரப்போகும் கேள்வியாளர் கவனிக்க வேண்டும்.

நான் போனது மழை விட்ட ஒரு காலை. குழிகளில் மழைநீர் தேங்கியிருந்தது. இப்போது வருகிறவர்கள் போட்டுச் செல்லும் செப்புக் காசுகள் அடியில் கறுத்துக் கிடந்தன. ஒரு குழிக்குள் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தேன். விளிம்பு தேய்ந்து, உரலின் வாய்போல் வழவழப்பாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஸ்டோனி மிடில்டன் கூப்பிடு தொலைவு. காவலரும் வேலியும் இல்லை. இறங்கி நடந்தால் சில நிமிடங்களில் அடுத்த ஊர். அந்தச் சரிவைப் பார்த்த பிறகுதான் எல்லை தாண்டாமல் இருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு விளங்கியது. புத்தகத்தில் எல்லை என்று படிக்கும்போது மதிலைப்போல் ஏதோ ஒன்று மனத்தில் தோன்றுகிறது. அங்கே இருப்பதோ புல்.

சுண்ணாம்புக்கல் பாதை மழையில் வழுக்கும். நான் ஒருமுறை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். பிடிமானமுள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

2 ஆகஸ்ட் 2023

பிள்ளைகளை அழைத்துப் போனால் சோர்ந்துவிடுவார்களா என்ற கேள்விக்கு: தேவாலய வளாகத்தில் அவர்களுக்கு நிறைய இருக்கிறது. ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலோ-சாக்சன் கற்சிலுவை வெட்டவெளியில் நிற்கிறது. தண்டின் ஒரு பகுதி தொலைந்துவிட்டதால் உயரம் குறைந்து, தலை பெருத்துத் தெரியும். சுவரில் 1775ஆம் ஆண்டின் சூரியக் கடிகாரம்; தொலைதூர நகரங்களின் நேரத்தையும் குறிக்கும்படி கோடுகள் செதுக்கப்பட்டது. வெயில் அடித்தால் பத்து நிமிடம் நின்று நிழல் நகர்வதைக் காட்டுங்கள். என் மகனைக் கவர்ந்ததோ ஹாரி பாக்ஷாவின் கல்லறைக் கல். டெர்பிஷயர் கிரிக்கெட் அணிக்காக ஆடி, பிறகு நடுவராக இருந்தவர், 1927இல் மறைந்தார். கல்லில் பந்து பட்டு ஸ்டம்புகள் சிதறுகின்றன, மேலே நடுவரின் கை ஒற்றை விரலை உயர்த்துகிறது. அவுட்! கிரிக்கெட் தெரிந்த பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டாம்.

தேவாலயத்துக்குள் கொள்ளைநோய்க் கதையைச் சொல்லும் வண்ணக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. ஈம் ஹால் மாளிகை கொள்ளைநோய்க்குப் பின், 1670களில் எழுந்தது. உள்ளே போகும் வாய்ப்பு எல்லா நாளும் கிடைக்காது, முற்றத்தில் கடைகள் உண்டு. கவிஞர் அன்னா சீவர்ட் 1742இல் பிறந்ததும் இந்த ஊரில்தான்; அவருடைய தந்தை இங்கே குருவானவராக இருந்தார்.

5 ஆகஸ்ட் 2023

எமட் சிடலின் காதல் கதையை இங்கே ஒருவர் உருக்கமாக எழுதியிருக்கிறார்: ஈம் பெண் எமட்டும் ஸ்டோனி மிடில்டன் இளைஞர் ரோலண்ட் டோரும், எல்லை மூடப்பட்டதால் பள்ளத்தின் இரு கரைகளிலிருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று. தேதிகளை வைத்துப் பார்த்தால் இது பொருந்தவில்லை. எமட் இறந்தது 1666 ஏப்ரல் இறுதியில். எல்லை மூடும் முடிவு ஜூனில்தான். ஆகவே அவர்கள் அப்படி விலகி நின்றது உண்மையானால், எவரும் கேட்பதற்கு முன்பே தாங்களாக விலகி நின்றார்கள் என்றாகிறது. எனக்கு இந்த வடிவம்தான் பெரிதாகப் படுகிறது.

28 ஆகஸ்ட் 2023

நேற்று ஆகஸ்டின் கடைசி ஞாயிறு. ஈமில் அது பிளேக் ஞாயிறு. நினைவு வழிபாட்டுக்காகக் கக்லெட் டெல்ஃபில் கூடுவது அவ்வூர் வழக்கம். மரங்கள் சூழ்ந்த பள்ளம், ஒரு பக்கம் குகைபோல் வளைந்த பாறை. மாம்பெசன் அதன்மேல் நின்றுதான் பிரசங்கம் செய்தார் என்கிறார்கள். 1666இல் குடும்பங்கள் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளித் தள்ளி அமர்ந்தன. 2020க்குப் பிறகு அந்த இடைவெளியை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. புல்லில் உட்கார்ந்ததுமே நான் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் எனக்கும் இடையே உள்ள தொலைவைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன்.

இதே நாள்களில் ஊற்று அலங்காரமும் நடக்கும். மரச் சட்டத்தில் ஈரக் களிமண்ணைப் பூசி, பூவிதழ், இலை, விதை, பாசி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பதித்துச் சித்திரம் அமைக்கிறார்கள். டெர்பிஷயரின் பல ஊர்களில் உள்ள வழக்கம். இதழ்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி வைக்கிறார்கள், மழைநீர் வழிந்துவிடும். ஒரு வாரத்துக்குள் வாடிவிடும் என்று தெரிந்தும் அத்தனை நுணுக்கம்.

3 செப்டம்பர் 2023

ஒரு மறுசிந்தனை. ஈமின் பதிவுகளைக் கொண்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே தொற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது என்றும், எலிகளின் வழியே வந்தது எஞ்சிய பங்குதான் என்றும் கணக்கிட்டது. அது சரியென்றால் இரண்டு செய்திகள் தொடர்கின்றன. வெளியே போகாமல் இருந்ததால் சுற்றுப்புற ஊர்கள் உண்மையிலேயே தப்பியிருக்கக்கூடும். எலிக்கு எல்லைக் கல் தெரியாது, மனிதருக்குத் தெரியும். ஆனால் குடும்பத்தார்தான் புதைக்க வேண்டும் என்ற முதல் முடிவு, நோயை வீட்டுக்குள்ளேயே சுழலவிட்டிருக்கலாம். நல்லெண்ணத்தோடு எடுத்த மூன்று முடிவுகளில் ஒன்று உள்ளிருந்தவர்களுக்குத் தீங்காகவும் முடிந்திருக்கலாம். அவர்களிடம் கிருமி பற்றிய அறிவு இல்லை; காற்றின் மணத்தைக் கண்டு அஞ்சிய காலம் அது.

இதை நான் யோசித்தது ரைலி கல்லறைகளில். ஊரிலிருந்து கிழக்கே அரை மைல் மேட்டில், வயலுக்கு நடுவே வட்டமான ஒரு தாழ்ந்த கற்சுவர். இப்போது பழைய இடங்களைப் பேணும் அமைப்பான நேஷனல் டிரஸ்டின் பொறுப்பில் இருக்கிறது. 1666 ஆகஸ்ட் 3 முதல் 10 வரையிலான எட்டு நாள்களில் எலிசபெத் ஹான்காக் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இங்கே தாமே குழிதோண்டிப் புதைத்தார். சவத்தைத் தொடாமல் இருக்க, காலில் துணியைக் கட்டி இழுத்து வந்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். சுவருக்குள் நின்றால் எதிர்ப்புற மலைச்சரிவுகள் தெளிவாகத் தெரிகின்றன. அங்கிருந்தும் ஆள்கள் இவரைப் பார்த்திருக்க முடியும். தொற்றிவிடுமோ என்று அஞ்சி எவரும் வரவில்லை. பிறகு ஷெஃபீல்டில் இருந்த ஒரு மகனிடம் அவர் போய்ச் சேர்ந்தார்.

4 செப்டம்பர் 2023

ஜூலை 10 குறிப்பில் மேரி ஹேட்ஃபீல்டின் கணவர் இறந்த தேதியை எழுதியிருந்தேன்: ஆகஸ்ட் 3. எலிசபெத் ஹான்காக்கின் வீட்டில் முதல் சாவு விழுந்ததும் அதே நாள்தான். இத்தனை முறை போய்வந்தும் நேற்று எழுதும்போதுதான் கவனித்தேன்.

19 செப்டம்பர் 2023

கேள்வி கேட்ட வாசகர் போய்வந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். நேரம் போதாமல் ரைலி கல்லறைகளை விட்டுவிட்டார்களாம். மைத்துனர் மறுபடி வரவேண்டும் என்கிறாராம். அப்படி வந்தால் வண்டியை ஈமில் நிறுத்தாமல் ஸ்டோனி மிடில்டனிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். வெளியூர்க்காரர்கள் ரொட்டியைச் சுமந்து ஏறிய அந்தப் பக்கமாகவே ஏறி, முதலில் எல்லைக் கல்லுக்கு வாருங்கள். பிறகு ஊருக்குள் புகுந்து, பகல் சாயும் முன் ரைலிக்குப் போய்விடுங்கள். அங்கே விளக்கு கிடையாது.